தாயம் விழாமல் நியூட்ரினோ இறங்காது

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் என் மாமியார் நியூட்ரினோ உருட்டிக்கொண்டிருந்தார். இதை எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரை. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே நடந்தது.

அப்போது நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்டிரேட்டர். லெக்சரருக்கு ஒரு படி கீழே, அட்டெண்டருக்கு அரைப் படி மேலே என்று அந்தப் பதவியைச் சொல்லலாம். அட்டெண்டர் இந்த அரைப் படியை ஒப்புக்கொண்டதில்லை. குடியிருந்தது தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கோபாலபுரம் போகிற வழியில், மாமியாருடைய ஊரில், மாமியாருடைய வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால், டவுனில் வாடகை அதிகம் என்று பதில் வைத்திருந்தேன். மாமனார் காலமாகிவிட்டார். தென்னந்தோப்பு, கிணறு, மோட்டார், இரண்டு எருமை எல்லாவற்றையும் அத்தைதான் நடத்தினார். என்னையும் அந்த வரிசையில் சேர்த்தே நடத்தினார் என்று நினைக்கிறேன். எருமைகளைப் பற்றி அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை இருந்தது.

டெமான்ஸ்டிரேட்டராகவே ஓய்வு பெறாமல் இருக்க ஒரே வழி டாக்டர் பட்டம். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது நியூட்ரினோ. இதைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும், பயப்பட வேண்டாம். நியூட்ரினோ என்பது எதிலும் முட்டாமல் போகிற துகள். மலை, பூமி, மாமியார் எதுவும் அதற்குத் தடை கிடையாது. வெகு அபூர்வமாக, அசுர சக்தியோடு வானத்திலிருந்து வருகிற ஒன்று ஏதாவது ஓர் அணுவில் முட்டிக்கொண்டால், அந்த இடத்தில் துகள்கள் புஸ்வாணம் மாதிரி சிதறி, அதிலிருந்து ரேடியோ அலையாக ஒரு ‘டிக்’ கிளம்பும். மூன்றாவது வரியும் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்: வேறு எந்தத் துகளாலும் ஒரு மலையைத் துளைத்து இந்தப் பக்கம் வரமுடியாது. ஆகவே மலைச் சரிவுக்கு எதிரே ஓர் ஆன்டெனாவை நட்டுவைத்து, மலையிலிருந்து ‘டிக்’ என்று கேட்டால் அது நியூட்ரினோ. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. இதை நான் பேராசிரியரிடம் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.

பேராசிரியர் பாலக்காட்டின் பழைய அக்கிரகாரத்துக்காரர். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் எதையும் நிராகரிப்பார்.

“மலைக்கு முன்னால கம்பி நட்டா கேக்குமாக்கும். சரி. எத்தனை கேக்கும்? வருஷத்துக்கு நூறா, நூறு வருஷத்துக்கு ஒண்ணா?”

“அது தெரியலைங்க சார்.”

“தெரிஞ்சுண்டு வா. டிபார்ட்மெண்டில நல்ல ரிசீவர் ஒண்ணுதான் இருக்கு, கேக்கறவா ரெண்டு பேர். ஒரு வருஷத்துக்குத்தான் விட்டுக்கொடுப்பேன். அந்த ஒரு வருஷத்துல உன் கம்பிக்கு ஒண்ணாவது கேக்கும்னு லீவு முடியறதுக்குள்ள காகிதத்துல காமி. காமிச்சா ரிசீவரும் உனக்கு, ரெஜிஸ்ட்ரேஷனும் உனக்கு. இல்லேன்னா நாராக்கும்.”

நார் என்றால் தேங்காய் நார். ‘தேங்காய் நாரின் வெப்பக் கடத்துத்திறன்’ என்று ஒரு தலைப்பு அவரிடம் பல காலமாக ஆள் கிடைக்காமல் கிடந்தது. உலர்ந்த நாரை அளப்பது, அதையே நனைத்து அளப்பது, முறுக்கி அளப்பது, பிறகு நனைத்து முறுக்கி அளப்பது. முடிந்ததும் கயிற்றுக்குப் போகலாம். தென்னந்தோப்பு வீட்டு மாப்பிள்ளை என்பதால் மூலப்பொருள் செலவும் இல்லை என்பது அவர் வாதம். அண்டவெளியின் ஆழத்திலிருந்து வருகிற தூதனைக் கேட்கப் புறப்பட்டவன், கடைசியில் மாமியார் தோப்பு மட்டையை ஊறப்போட்டுக்கொண்டு உட்காரும் காட்சி எனக்கு அன்றிலிருந்து அடிக்கடி கண்முன் வந்தது.

முதல் வேலை, ஆன்டெனாவுக்கு இடம். எங்கள் ஊரில் முடியாது. ‘டிக்’கைக் கேட்க வேண்டுமென்றால் மற்ற சத்தம் எதுவும் ரேடியோவில் இருக்கக்கூடாது. எங்கள் ஊரிலோ ஆளுக்கொரு கிணற்று மோட்டார். அத்தை மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு ரேடியோவில் செய்திகள் பாதியில் பொரிய ஆரம்பித்துவிடும். வடக்கே கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஆலைகள் வேறு வந்துகொண்டிருந்தன. என் ஹாஸ்டல் தோழன் ஒருவன், கம்பம் பக்கத்து ஆள், சக்குபள்ளத்தில் ஏலக்காய் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தான். ஒரு டிரான்சிஸ்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவனிடம் போனேன். பாலக்காட்டிலிருந்து அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று சுற்றி, மறுபடி மலையேறிக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இரண்டு செக்போஸ்டிலும் டிரான்சிஸ்டரை வெளியே எடுத்துப் பாடவைத்துக் காட்டச் சொன்னார்கள். கோபாலபுரத்தில் பாடியது. மேலே ஏறியதும் பாடவில்லை. செக்போஸ்ட்காரர் சந்தேகத்தோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, நான் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே இருந்தேன். விடுவதற்கு வெகு நேரமாயிற்று.

எஸ்டேட் ஒரு பெரிய மலைக்கு எதிர்ச் சரிவில் இருந்தது. டிரான்சிஸ்டரின் முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டினேன். மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான்.

“ரேடியோ கேக்காத எடமா வேணும்?” என்றான் தோழன். “நல்லா வந்தய்யா. இங்க பூராம் அதுதான். மூணு வருசமா ஒரு பாட்டுக் கேக்காம நான் செத்துக்கிட்டு இருக்கேன், நீ என்னடான்னா பல்லக் காட்டுற.”

“அருமையான இடம்ப்பா இது.”

“ஒனக்கு அருமை. சரி, மொதலாளிகிட்டச் சொல்லி எடம் வாங்கித் தாரேன், மூங்கில் கம்பமும் நட்டுர்றேன். ஆனா ஒண்ணு. ஒன் கம்பிக்கு வேலை இல்லாதப்ப எனக்கு ஒரு பாட்டு வருமான்னு பாக்கணும்.”

பார்க்கலாம் என்றேன். நியூட்ரினோக்காரர்களுக்கு வாக்குக் கொடுப்பதில் சிரமமே இல்லை.

இனி கணக்கு. ஒரு நியூட்ரினோ மலைக்குள் எந்த இடத்தில் முட்டும், சிதறல் எவ்வளவு பலமாக இருக்கும், எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அதிர்ஷ்டத்தின் கையில். ஆகவே கணக்கையும் அதிர்ஷ்டத்திடமே விட்டுவிடுவது என்று ஒரு முறை உண்டு. கற்பனையாக ஒரு நியூட்ரினோவை மலைக்குள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த எண் சொன்னபடி அதை நடத்த வேண்டும். ஆன்டெனாவுக்குக் கேட்டதா இல்லையா என்று குறித்துக்கொண்டு அடுத்ததை அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் அனுப்பினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். நிஜ நியூட்ரினோ முட்டுவதே அபூர்வம் என்பதால், முட்டாதவற்றை அனுப்பி நேரத்தை வீணாக்காமல், எல்லாம் முட்டியதாகவே வைத்துக்கொண்டு முடிவில் ஒரு மிகச் சிறிய எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இதைக் கம்ப்யூட்டரில் செய்தார்கள். நமக்கும் கம்ப்யூட்டர் இருந்தது, தொலைதூரத்து நகரம் ஒன்றில், குளிரூட்டிய அறையில். பேராசிரியர் எழுதிக் கேட்டார். டெமான்ஸ்டிரேட்டருக்கெல்லாம் நேரம் ஒதுக்க இயலாது என்று பதில் வந்தது. கல்லூரி நூலகத்தில் வெறும் எண்களாகவே அச்சடித்த ஒரு புத்தகம் இருந்தது. இந்த வேலைக்கென்றே போட்டது. அதைக் கரையான் தின்றிருந்தது. எந்தெந்தப் பக்கத்தைத் தின்பது என்பதில் கரையானிடமும் எந்த ஒழுங்கும் இல்லை. ஆனால் அதை வைத்து என்னால் கணக்குப் போட முடியவில்லை.

வீட்டில் தாயக்கட்டை இருந்தது. இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று விழுந்தால் அது தாயம். இரண்டுமே வெறுமை என்றால் பன்னிரண்டு. இதைவிடப் பாரபட்சமில்லாத கருவி கஞ்சிக்கோட்டில்கூடக் கிடைக்காது.

முதலில் நானே உருட்டினேன். சீக்கிரமே ஒன்று புரிந்தது. எனக்குப் பிடிக்காத எண் விழும்போதெல்லாம் கட்டை சரியாகப் படுக்காமல் இருந்தது, அல்லது சுவரில் இடித்திருந்தது, அல்லது எறும்பு ஒன்று குறுக்கே வந்திருந்தது. பிடித்த எண் விழுந்தபோது எறும்புகள் தென்படவில்லை. நாரை நினைத்துக்கொண்டு உருட்டுகிறவன் கையில் நியாயம் இருக்காது. இந்த முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத, நியூட்ரினோவைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத ஆட்கள் உருட்டினால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அப்படிப்பட்ட மூன்று பேர் தினமும் மத்தியானம் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், தாயக்கரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்: அத்தை, என் மனைவி, பக்கத்து வீட்டு அக்கா.

ஆசாரத்துச் சிவப்புத் தரையில் சாக்பீஸால் மலையை வரைந்தேன். மலையைப் பட்டை பட்டையாகப் பிரித்தேன். ஆன்டெனாவுக்குப் பக்கத்துச் சரிவு ஒன்றாம் பட்டை, அதற்குப் பின்னால் இரண்டு, மூன்று என்று ஆறு வரை, மறுபக்கக் கடைசி பன்னிரண்டு. தாயக்கட்டையில் மூன்று அடிக்கடி விழும், பன்னிரண்டு எப்போதாவதுதான் விழும். அதற்குத் தக்கபடி மூன்றாம் பட்டையை அகலமாகவும் பன்னிரண்டைக் குறுகலாகவும் போட்டேன். இந்த நுணுக்கத்தை நினைத்து எனக்கு இன்றும் பெருமைதான், பிறகு நடந்ததைப் பார்த்தால் பெருமைப்பட உரிமை இல்லை என்றாலும். புளியங்கொட்டைதான் நியூட்ரினோ. முதல் உருட்டு, அது எந்தப் பட்டையில் முட்டுகிறது என்று சொல்லும். ஒன்றாம் பட்டையில் முட்டினால்தான் சிதறல் மலையைவிட்டு வெளியே வரும். மற்ற பட்டை என்றால் பாறைக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தக் கொட்டை செத்தது, ‘கேட்காதது’ என்ற கொட்டாங்குச்சியில் போட்டுவிட வேண்டும். வெளியே வந்த கொட்டைக்கு இன்னும் சில உருட்டு, பலம், சாய்வு, தூரம். கடைசியில் ஆன்டெனாவுக்குக் கேட்டால் இன்னொரு கொட்டாங்குச்சி.

“ஏனுங்க, இதுல யாரு ஜெயிக்கறது?” என்று கேட்டாள் மனைவி.

“யாரும் இல்ல.”

“ஆரும் ஜெயிக்காத ஆட்டத்த எதுக்குங்க மாப்ள ஆடோணும்?” என்றார் அத்தை.

“நல்லா வந்துச்சுன்னா எனக்குப் பட்டம் கிடைக்குங்க அத்தை.”

“அப்ப நீங்க ஜெயிக்கறீங்க. அப்படிச் சொல்லுங்க.” கட்டையை எடுத்துக்கொண்டார். பிறகு மலையைப் பார்த்தார். “கொட்டை பூராத்தையும் மலையில வெச்சுச் சாகடிக்கறீங்களே. தாயக்கரத்துல மலையில இருக்கற காயை வெட்டவே கூடாதுங்க.”

தாயக்கரக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர், அங்கே இருக்கிற காய் பத்திரம் என்பது விதி. இது வேறு மலை என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே டவுன் பஸ் ஹாரன் கேட்டது. விடுமுறை மாணவர்களுக்குத்தான், எங்களுக்குப் பரீட்சை டூட்டி. மற்ற எண் விழுந்தால் கொட்டை செத்தது, செத்தது என்று மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓடினேன்.

அன்றிலிருந்து மத்தியானம் அவர்கள் உருட்டுவார்கள், சாயங்காலம் வந்து நான் கொட்டாங்குச்சிகளை எண்ணிக்கொள்வேன். எண்ண எண்ண எனக்குக் காய்ச்சல் மாதிரி வந்தது. ‘கேட்டது’ கொட்டாங்குச்சி நிரம்பி வழிந்தது. நான் பயந்ததற்கு நேர் எதிராக, பாதிக்கு மேல் கொட்டைகள் ஆன்டெனாவுக்குக் கேட்டிருந்தன. அந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கியும், வருஷத்துக்கு நாலைந்து நிஜ நியூட்ரினோ தேறும் போலிருந்தது. பேராசிரியர் கேட்டதோ ஒன்று. வீட்டுக்குப் பின்னால் குவித்திருந்த தேங்காய் மட்டைகளை ஒரு பெரிய மனுஷன் மாதிரி அலட்சியமாகப் பார்த்தேன். சக்குபள்ளத்துக்கு ஒரு கார்டு போட்டேன். கம்பத்தை உடனே நட்டுவிட்டதாகவும், பாட்டு எப்போது என்றும் தோழன் பதில் போட்டான்.

பேராசிரியர் என் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். தப்புக் கண்டுபிடிக்க முடியாததில் அவருக்கு வருத்தம்.

“இத்தனை கேக்குமாடா? நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கே. யார் உருட்டினா?”

“வீட்டுல பொம்பளைங்கதாங்க சார். எனக்கு அதுல கையே கிடையாது.”

“நான் ஒரு தடவை வந்து பாக்கறேன். பாத்துட்டு ரிசீவருக்குக் கையெழுத்துப் போடறேன்.”

ஒரு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். ரிசீவரை எனக்கு விடுவிக்கும் தாள் அவர் பையில் இருந்தது. ஓரம் வெளியே தெரிந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை நாற்காலி போட்டார். அவர் நாற்காலியை விட்டு, வேட்டியை மடக்கிக்கொண்டு தரையிலேயே மலையடிவாரத்தில் உட்கார்ந்தார்.

“எங்கே, ஒண்ணு போடுங்கோ பாப்போம்.”

அத்தை உருட்டினார். மூன்று. கட்டை பக்கத்து வீட்டு அக்காவிடம் போயிற்று. நான்கு. மனைவிக்கு இரண்டு. மறுபடி அத்தை, மறுபடி மூன்று.

“விழமாட்டேங்கறதே,” என்றார் பேராசிரியர் அனுதாபத்தோடு.

“வெய்யக் காலம் பாருங்க சாமி, கட்டை வழுக்குது,” என்றார் அத்தை. இன்னும் சில உருட்டுக்குப் பிறகு அக்காவின் கையில் தாயம் விழுந்தது. புளியங்கொட்டை ஒன்றாம் பட்டையில் ஏறி உட்கார்ந்தது.

“ஆங், விழுந்துது,” என்று பேராசிரியர் தொடையைத் தட்டினார். எனக்கும் மனது நிறைந்தது. அடுத்தடுத்த உருட்டுகளில் அந்தக் கொட்டை மலையைவிட்டு இறங்கி, ஆன்டெனாவை எட்டி, ‘கேட்டது’ கொட்டாங்குச்சியில் விழுந்தது. இரண்டாவது கொட்டை. இதற்கும் தாயம் விழ நேரமாயிற்று. நாங்கள் எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தோம், நடுவில் காப்பி வந்தது, தாயம் விழுந்தது. மூன்றாவது கொட்டைக்கு அத்தை கட்டையைத் தேய்க்கும்போது பேராசிரியரின் டம்ளர் வாய்க்கு அருகில் நின்றுவிட்டது.

“இருங்கோ. ஆரம்பத்துல ஒரு மூணு விழுந்துதே, அது எங்கே போச்சு?”

“எந்த மூணுங்க?”

“முதல் முதல்ல போட்டேளே. மூணு விழுந்தா அது மூணாம் பட்டையில முட்டித்துன்னு அர்த்தம். அந்த நியூட்ரினோ செத்திருக்கணுமே. கொட்டாங்குச்சியில காணோமே.”

அத்தை அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “அது இன்னும் இறங்கவே இல்லீங்களே சாமி. தாயம் விழுந்தாத்தானுங்க காய் இறங்கும். இறங்காத காய் எப்படிங்க சாகும்?”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் வாசல் வழியாக எருமையைப் பார்த்தேன்.

“நீ இவாகிட்டச் சொல்லலியாடா?”

“சொன்னாருங்க,” என்றாள் மனைவி, என்னைக் காப்பாற்றும் குரலில். “மத்த நம்பர் விழுந்தா செத்துதுன்னு நல்லாச் சொல்லீட்டுத்தானுங்க பஸ்ஸுக்கு ஓடுனாரு. நான் அம்மாகிட்டச் சொன்னேன். மாப்பிள்ளைக்குப் பாவம் தாயக்கரம் ஆடத் தெரியாது, நாம சரியா ஆடிக்கலாம்னு அம்மாதான் சொல்லுச்சு.”

அத்தனை வாரமும் ஒரு கொட்டைகூடப் பாறைக்குள் சாகவில்லை. நான் அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒவ்வொன்றும் ஒன்றாம் பட்டையில் முட்டும்வரை மலைக்கு வெளியே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நல்ல இடமாகப் பார்த்து இறங்கியிருக்கின்றன. பேராசிரியர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்து, தன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“ரெண்டு கொட்டை போற வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தோணலையே. தாயம் விழலையேன்னு நானும்னா காத்துண்டிருந்தேன். சின்ன வயசுல எங்காத்துல ஆடினது, கேட்டியா. அது ரத்தத்துல ஊறிப்போச்சு.”

சரியான முறைப்படி அவரே உருட்டினார். மூன்று, கொட்டை செத்தது. இரண்டு, செத்தது. ஐந்து, நான்கு, மூன்று, மூன்று. அத்தை எழுந்து போய்த் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

“இது ஆட்டமாட்டத் தெரியலீங்க மாப்ள. கோழிச் சீக்கு வந்தாப்பல இருக்குது.”

“உருட்டினது ஒண்ணும் வெறுதே போகலை,” என்றார் பேராசிரியர். “ரெண்டு கட்டையும் விழறதுக்குப் பதினாறு விதம். அதுல தாயம் ரெண்டு விதம். எட்டுல ஒரு பங்கு. உன் விடையை எட்டால வகு.”

வகுக்கக் காகிதம் தேவைப்படவில்லை. வருஷத்துக்கு நாலைந்து இருந்தது, இரண்டு வருஷத்துக்கு ஒன்று ஆகிவிட்டது. அதுவும், வானத்திலிருந்து எத்தனை வருகிறது என்று அந்தக் காலத்தில் நாங்கள் தாராளமாக வைத்துக்கொண்ட ஊகத்தில். ரிசீவர் கிடைப்பது ஒரு வருஷத்துக்கு. பேராசிரியர் பையிலிருந்து வெளியே தெரிந்த தாளின் ஓரத்தை விரலால் உள்ளே தள்ளினார். அந்த விரலை நான் மறக்கவில்லை.

“அப்ப நாருங்களா சார்?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அத்தை, வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று மலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நிஜமான தாயக்கரக் கட்டத்தை வரைந்தார். “ஒரு ஆட்டம் போடறீங்களா சாமி?” பேராசிரியர் ஜிப்பாவின் கையை மடித்துக்கொண்டார்.

என் எதிர்காலம் நாருக்கும் நியூட்ரினோவுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்க, அவர்கள் ஆடினார்கள். அத்தையின் காய்கள் பாதிக் கட்டத்தைச் சுற்றிவிட்டன. பேராசிரியருக்குத் தாயமே விழவில்லை. உருட்டுவார், மூன்று என்பார், கட்டையைத் தருவார், யோசிப்பார். இறங்காத காயைக் கையில் உருட்டியபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும், என்னை நினைத்தால் அதைவிடப் பாவமாகவும் இருந்தது.

“ஏண்டா,” என்றார் திடீரென்று, கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “செத்துப்போறதுக்காக எதுக்கு உருட்டணும்? எல்லாக் கொட்டையையும் முதல்லயே ஒண்ணாம் பட்டையில வச்சுடு. அங்கேர்ந்து ஆரம்பி. கடைசியில எட்டால வகுத்துக்கோ. முதல் உருட்டே வேண்டாமே.”

“ஆமாங்க சார்.”

“எட்டு நாழி வேலை ஒரு நாழியில ஆயிடும். வெளிதேசத்துல இதுக்குப் பெரிய பேரா வச்சுண்டு பண்றா. உங்காத்து ஆசாரத்துல பேர் வைக்காம பாதிக் கிணறு தாண்டியிருக்கா, வகுக்கத்தான் விட்டுப்போச்சு.” உருட்டினார். இரண்டு. “கம்பி ஒண்ணு நட்டா கேக்காது. பத்து நட்டா? மலை இன்னும் செங்குத்தா இருந்தா? எந்த மலை, எங்கே நடறது, எத்தனை நடறது? இதைச் சொல்றதுக்கு ரிசீவர் எதுக்கு? கணக்கு போறும். கணக்கை மட்டும் தீசிஸா பண்ணு. ரெஜிஸ்டர் பண்ணிக்கறேன்.”

என் காதை நம்பாமல், “நாருங்க சார்?” என்று மறுபடி கேட்டேன். நல்ல செய்தி வரும்போதும் கெட்ட செய்தியை நினைவுபடுத்துவது என் வழக்கம்.

“நாரை வேற யாராவது திரிக்கட்டும்.” உருட்டினார். தாயம். காயை இறக்கிய வேகத்தில் அவர் முகம் பத்து வயதுப் பையனுடையது போலாகிவிட்டது. அடுத்த கையில் அத்தை உருட்டி, எண்ணி, அந்தக் காயை எடுத்துத் தரையில் வைத்தார்.

“வெட்டீட்டனுங்க சாமி.”

பஸ் வரும்வரை அவருக்கு மறுபடி தாயம் விழவில்லை.

சக்குபள்ளத்துத் தோழனிடம் ஆன்டெனா வராது என்று நேரில் போய்த்தான் சொன்னேன். கார்டில் எழுத வெட்கம். “ரெண்டு வருசத்துக்கு ஒண்ணுதான் கேக்கும்னு கணக்கு வந்துருச்சுப்பா,” என்றேன். “எங்க எஸ்டேட்டு போனசுக்கு அது எவ்வளவோ பரவால்லயே,” என்றான். கம்பம் சும்மா நிற்பானேன் என்று அதன் உச்சியில் ஒரு செப்புக் கம்பியைக் கட்டி, தன் ரேடியோவுக்கு இழுத்திருந்தான். ஒரே ஒரு நிலையம் எடுத்தது. அதில் பெரும்பாலும் ஏலக்காய் விலையும் பயிர்ப் பாதுகாப்பும்தான் வந்தன, என்றாலும் நடுவில் ஒரு பாட்டு வைப்பார்கள். அந்தப் பாட்டுக்காக அவன் பயிர்ப் பாதுகாப்பு முழுவதையும் கேட்டு, நாளடைவில் எஸ்டேட்டில் மருந்தடிப்பதற்கு யோசனை சொல்கிற ஆளாகிவிட்டான். நார் இன்னொரு டெமான்ஸ்டிரேட்டருக்குப் போனது. அவர் எனக்கு முன்னால் டாக்டரானார். கயிற்றுக்கும் போனார்.

நான் கணக்கிலேயே இருந்தேன். முதல் உருட்டு இனி வேண்டாம், கொட்டையை நேரே ஒன்றாம் பட்டையில் வைத்து ஆரம்பிக்கலாம் என்று வீட்டில் சொன்னபோது, அத்தை மறுத்துவிட்டார்.

“தாயம் போடாமக் காய இறக்கறது ஊட்டுக்கு ஆகாதுங்க மாப்ள. நேரமானா ஆயிட்டுப் போகுது.”

எட்டு நாழி வேலையை அவர்கள் எட்டு நாழியும் செய்தார்கள். தாயத்துக்குக் காத்திருந்து, இறக்கி, கேட்டதையும் கேட்காததையும் கொட்டாங்குச்சியில் பிரித்துப் போட்டார்கள். சாயங்காலம் நான் எண்ணி, வாய்க்குள் எட்டால் வகுத்துக்கொண்டேன். மலைகளை மாற்றி மாற்றி வரைந்ததில் ஆசாரத்துச் சிவப்புத் தரை அந்த இடத்தில் நிரந்தரமாக வெளுத்துவிட்டது.

தீசிஸ் முடிகிற நேரத்தில் அந்தத் தூரத்து நகரத்துக் கம்ப்யூட்டரில் எனக்கும் கொஞ்ச நேரம் கிடைத்தது. ஓட்டை போட்ட அட்டைகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனேன். மெஷின் கொடுத்த விடையும் ஆசாரத்து விடையும் ஒன்றுக்கொன்று வெட்கப்படாத அளவுக்கு நெருங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து, நீங்கள் மாசக்கணக்காக உருட்டியதை அது காப்பி குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது, ஆனால் விடை உங்களுடையதுதான் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த மிசினு தாயம் போட்டுத்தானுங்களா காய இறக்குச்சு?”

எல்லாவற்றையும் ஒன்றாம் பட்டையில்தான் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தேன்.

“ஆமாங்க அத்தை. தாயத்துலதான் இறக்குச்சு.”

“அப்பச் சரி,” என்று மறுபடி தவிட்டில் கையை விட்டார்.